பந்தி முடிந்ததும் பின்கட்டைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, வரும் வைகாசியில் தஞ்சாவூரில் எனக்குக் கல்யாணம். 800 பேரை எதிர்பார்க்கிறோம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். குப்பை சேராத, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத கல்யாணமாக நடத்த வேண்டும் என்று ஆசை. நட்டால் முளைக்கும் விதைக் காகிதத்தில் பத்திரிகை, தாம்பூலத்தோடு ஆளுக்கொரு செடி, மூங்கில் மேடை என்று விலை கேட்டால் அப்பா போட்ட கணக்குக்கு மேல் ஒரு லட்சம் போகிறது. மாப்பிள்ளை வீட்டிலோ, தண்ணீர் பாட்டில் வைக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டலாம் என்றால் அதற்கும் ஆட்சேபம். ஆசையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
– தஞ்சாவூர் வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

விட வேண்டாம். ஆனால் அந்த ஒரு லட்சத்தையும் செலவழிக்க வேண்டாம். பத்திரிகை, செடி, மூங்கில் மேடை மூன்றுமே புதிதாக வாங்கிச் சேர்க்கிற பொருட்கள். பதினெட்டு வருடமாகக் கல்யாண ஏற்பாடுகள் செய்துவருகிறேன். நான் பார்த்தவரையில் ஒரு கல்யாணத்தின் குப்பையில் பெரும்பங்கு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வருகிறது: மிஞ்சிய சோறு, தண்ணீர் பாட்டில், பேப்பர் கப், மேஜை விரிப்பு. உங்கள் பட்டியலில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. இவற்றைக் கவனித்தால் செலவு கூடாது, குறையவே செய்யும்.

எனக்கு இது புரிந்தது திருச்சியில் நான் பொறுப்பேற்ற ஒரு கல்யாணத்தில். கைக்காகிதப் பத்திரிகை, தென்னங்குருத்துத் தோரணம், மண்பானையில் பானகம் என்று வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். வரவேற்பு முடிந்த இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன். இலை எடுப்பவர்கள் இரண்டு பேர் மேஜையில் விரித்திருந்த ரோலை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தார்கள். இலை, அதில் மிஞ்சிய சோறு, பாதி குடித்த பாட்டில், ஐஸ்கிரீம் கப், பீடாவில் குத்தியிருந்த குச்சி எல்லாம் அந்தச் சுருளுக்குள் போய்விட்டன. ஒரு மேஜைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுருட்டி முடித்த பிறகு அதை யாராலும் பிரிக்க முடியாது. காலையில் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அருமையான இலை, மாட்டுக்கும் ஆகாமல் உரத்துக்கும் ஆகாமல் அப்படியே குப்பைமேட்டுக்குப் போனது. பத்திரிகை அச்சடித்தவரிடம் நாலு தடவை பேசியிருந்தோம். இலை எடுத்த அந்த இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: சமையல் கான்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், இலை எடுக்கும் ஆட்களின் தலைவர் யார் என்று கேட்டு அவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு கூடை தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒன்றில் இலையும் மிச்சமும், மற்றதில் மீதி எல்லாம். முதலில் மேஜைமேல் இருக்கும் மற்ற பொருட்களை எடுத்துவிட்டு, அப்புறம் இலையை எடுக்க வேண்டும். இதற்குப் பந்திக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காக இரண்டு ஆட்கள் அதிகம் போட்டு, அவர்கள் கூலியை நீங்களே தனியாகக் கொடுத்துவிடுங்கள். கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ஊரே சாப்பிட்ட எச்சில் இலையை எடுக்கிறவர்கள் அவர்கள். அவர்களிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுவது நல்லது.

மேஜை விரிப்பை முழுதாக எடுத்துவிடலாம். மேஜையைத் துடைத்து நேராக இலை போட்டால் என்ன? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான மண்டபங்களில் மேஜை கிரானைட்டோ ஸ்டீலோதான். விரிப்பு இல்லாவிட்டால் சுருட்டவும் வழியில்லை.

அடுத்து தண்ணீர். இதில் மாப்பிள்ளை வீட்டாரின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் கேட்பது மரியாதை. அதைப் பாட்டிலில்தான் காட்ட முடியும் என்று நம் ஊர்க் கல்யாணங்கள் அவர்களுக்குப் பழக்கிவிட்டன. ‘பிளாஸ்டிக் கூடாது’ என்று பேச்சை ஆரம்பித்தால் அது அவர்களைக் குறை சொல்வது போலாகிவிடும். ‘வருகிறவர்களுக்கு நாங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றப் போகிறோம்’ என்று ஆரம்பியுங்கள். வெட்டிவேர் போட்ட தண்ணீர், சீரகத் தண்ணீர், வைகாசி வெயிலுக்கு நீர்மோர். பளபளவென்று துலக்கிய பித்தளைக் குடத்திலிருந்து, வேட்டி கட்டிய உங்கள் தம்பிமார் ஸ்டீல் டம்ளரில் ஊற்றட்டும். ‘இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா மாமா?’ என்று ஒரு பையன் கேட்பதைவிட மேஜையில் கிடக்கும் கால் லிட்டர் பாட்டில் எந்த விதத்தில் மரியாதை? கேரளத்தில் 2015-இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பொருட்களைத் தவிர்க்கும் ‘கிரீன் புரோட்டோகால்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அது அங்கே கல்யாண மண்டபங்களுக்கும் பரவியது. ஸ்டீல் டம்ளர் வைத்ததால் அங்கே யாரும் கோபித்துக்கொண்டு எழுந்துபோனதாக நான் கேள்விப்படவில்லை.

கணக்கும் போட்டுக் காட்டலாம். மூன்று வேளைக்கும் சேர்த்து 1,300 இலை விழுகிறது என்றால், இலைக்கு ஒன்றாக வைத்தாலே 1,300 பாட்டில். உண்மையில் அதோடு நிற்காது. பாதி குடித்துவிட்டு யாருடையது எது என்று மறந்து இன்னொன்றைத் திறப்பார்கள். மண்டபத்துக்குள் நாற்காலிக்கடியில் உருளும் பாட்டில்கள் தனி. டம்ளர் என்றால், ஒரு பந்திக்கு 200 பேர் என்று வைத்து இரண்டு செட்டாக 400 டம்ளர், அதற்கு மேல் ஒரு ஐம்பது போதும். ஒரு செட் மேஜையில் இருக்கும்போது மற்றது கழுவப்படும். பாத்திர வாடகைக் கடையில் கிடைக்கும். இருபது லிட்டர் கேன், டம்ளர் வாடகை, கழுவும் இரண்டு பெண்களின் கூலி எல்லாம் பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்துக்குள் அடங்கிவிடுவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையில் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடுகிற பெரியவர்களுக்கும், கைக்குழந்தைக்காரர்களுக்கும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு பானையில் தனியாக இருக்கட்டும். ‘பாட்டில் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

காபிக்கு இவ்வளவு சொல்லவே வேண்டாம். கும்பகோணம் காபி குடித்து வளர்ந்த ஜில்லாவில் கல்யாணக் காபியைப் பேப்பர் கப்பில் கொடுப்பது எனக்கு மனதாரப் பிடிக்காத காரியம். அந்தக் கப் வெறும் காகிதம் என்று நினைத்தால், ஒன்றை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் உரித்துப் பாருங்கள். காகிதம் கூழாகிப் போகும். உள்ளேயிருந்து கண்ணாடி போல மெல்லிய படலம் ஒன்று கப்பின் உருவத்திலேயே தனியாக வரும். அது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இந்தக் கப்பும் உண்டு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. கான்ட்ராக்டர் முகம் சுளித்தால், ‘சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறேன் அண்ணே’ என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

தாம்பூலப் பையிலும் இதே கவனம் வேண்டும். துணிப்பை என்று சொல்லிக் கடைகளில் கொடுக்கும் பல பைகள் துணியே இல்லை. பாலிபுரொப்பிலின் இழைகளை நெய்யாமல் அழுத்தி ஒட்டியவை. வெளிச்சத்தில் பிடித்தால் உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். ஓரத்தில் நகத்தால் ஒரு நூலைப் பிரித்து இழுங்கள். நூல் வந்தால் துணி, பஞ்சு மாதிரிப் பிசிறு வந்தால் பிளாஸ்டிக். நீங்கள் வாங்க வேண்டியது சாதாரண மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிய பிறகு அதைக் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயர்களைச் சின்னதாக அச்சடியுங்கள். பெரிதாக அச்சடித்த பையைக் கடைக்கு எடுத்துப்போக ஆட்கள் யோசிக்கிறார்கள். சின்னதாக இருந்தால் பை கிழிகிற வரைக்கும் உழைக்கும். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு வாழைப்பழம்.

செடி வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல எண்ணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு செடியும் ஒரு கருப்புப் பிளாஸ்டிக் பையில் வரும். ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிறவர் அதை மடியில் வைத்துக்கொண்டு போக மாட்டார். மண்டபத்து வாசலில் வரிசையாக வாடிக்கிடந்த செடிகளை நான் அள்ளியிருக்கிறேன். யாராவது உண்மையிலேயே ஆசைப்பட்டால் பின்னால் அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். விதைக் காகிதப் பத்திரிகைக்கும் அதே பதில். மூத்தவர்கள் வீட்டுக்கு நேரில் போய் வைக்கும் அளவுக்கு மட்டும், மூலையில் மஞ்சள் தடவிய பழைய மாதிரி ஒற்றைத் தாள் பத்திரிகை போதும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அப்பாவோ அம்மாவோ போனில் ஒரு வார்த்தை கூப்பிடட்டும். அந்தப் போனிலேயே இன்னொரு வேலையும் முடியும். எத்தனை பேர் வருகிறார்கள், எந்த வேளைக்கு வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம், சாப்பாடு. குப்பைமேட்டில் குவியும் சோறும் கறியும் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு வருகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவானது. இது ஒரு பக்கம் இருக்கட்டும். டெல்டாவில் பிறந்த நமக்குச் சோறு வீணாவது என்றாலே வயிறு கலங்கும், இல்லையா?

சோறு வீணாவது இரண்டு இடத்தில். முதலாவது எண்ணிக்கை. 800 பேர் என்றால் பயத்தில் மூன்று வேளைக்கும் 800 இலை சொல்லிவிடுவார்கள். வரவேற்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் காலையில் வருவதில்லை. டிபன் சாப்பிட்டவர்களில் எத்தனையோ பேர் தாலி கட்டியதும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். போனில் எழுதிய பட்டியலை வைத்து வேளைக்குத் தனித்தனியாக எண்ணிக்கை சொல்லுங்கள். உதாரணமாக இரவு 650, காலை 250, மதியம் 400. அப்படியும் போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்பா பயப்படுவார். அதற்கு நல்ல சமையல் மாஸ்டர்களிடம் வழி இருக்கிறது: கடைசி இரண்டு பந்திக்கான அரிசியைப் போடாமல், உலையை மட்டும் கொதிக்க வைத்துக் காத்திருப்பார்கள். கூடத்தில் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு அரிசி போட்டால் அரை மணிக்குள் சோறு தயார். வடித்த சோறு திரும்ப அரிசியாகாது. பிரிக்காத மூட்டை கடைக்குத் திரும்பும். காய்கறியும் அப்படித்தான், முழுதாக இருந்தால் வீட்டுக்கு வரும், நறுக்கிவிட்டால் வராது. பேச்சுவார்த்தையிலேயே, மிஞ்சிய மளிகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது இடம், பரிமாறும் முறை. இப்போது பல கல்யாணங்களில் ஆட்கள் உட்காருவதற்கு முன்பே இலை நிறைய இருபது அயிட்டம் வைத்துவிடுகிறார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கும் அதே இலை, சர்க்கரை வியாதிக்காரருக்கும் அதே இரண்டு ஸ்வீட். வந்து உட்கார்ந்தவர் வேண்டாம் என்று சொல்லவே வழியில்லை. உப்பு, ஊறுகாய், பச்சடி மட்டும் முன்பே வைக்கட்டும். மற்றதெல்லாம் ஆள் உட்கார்ந்த பிறகு, கேட்டுப் போடட்டும். குழந்தைகளுக்குச் சின்ன இலை. அயிட்டத்தைப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டும் சூடாக, இரண்டாம் தடவை கேட்டால் கிடைக்கும்படி இருக்க வேண்டும். நல்ல ரசம் சாப்பிட்டவர்கள் அயிட்டத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும். மிஞ்சினால் எங்கே போக வேண்டும் என்பதை இப்போதே பேசிவைக்க வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கு யோசிக்கக் கூடாது. 2014-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போல, உணவைச் சேகரித்துப் பசித்தவர்களிடம் சேர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன. தஞ்சாவூரில் யார் வருவார்கள், எந்த நேரம் வரை வருவார்கள் என்று ஒரு வாரம் முன்பே விசாரியுங்கள். அருகிலுள்ள முதியோர் இல்லத்திடமும் கேட்கலாம். இலையில் விழாத, அண்டாவில் மூடியே இருந்த உணவை மட்டும் கொடுங்கள். வைகாசிச் சூட்டில் தேங்காய்ச் சட்னி, கூட்டு, பச்சடி எல்லாம் சீக்கிரம் கெட்டுவிடும். அவற்றைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

மாட்டுக்குப் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல மனதோடு பெரிய தவறு செய்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றையும் கேசரியையும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நாலு வாளியில் வாங்கிப்போய்த் தன் மாட்டுக்கு வைத்தார். மறுநாள் காலை மாடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, மருந்தும் கொடுத்து, சாயங்காலம்தான் எழுந்தது. அந்த வீட்டு அம்மாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரிசிச்சோறும் இனிப்பும் மொத்தமாக உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறிவிடும், உயிரே போகலாம். ஆகவே மாட்டுக்கு இலையும் காய்கறித் தோலும் மட்டும் போகட்டும். மிச்சத்தை உதறிவிட்ட இலையில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் சோறு பரவாயில்லை. சோறு குவியலாகப் போகக் கூடாது. இலைக் கட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இருக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த இரண்டு கூடை.

மிச்சச் சோறு, எச்சில், காய்கறிக் கழிவு மாநகராட்சியின் உரக்கிடங்குக்குப் போகும்படி செய்யுங்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, இத்தனை பேர், இந்தத் தேதி, பிரித்துத்தான் கொடுப்போம் என்று சொல்லிவிட்டால் வண்டி நேரத்துக்கு வரும். வீட்டு வாசலில் பந்தல் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொன்னன.

மேடைக்கு வருவோம். மூங்கிலில் புதிதாகக் கட்டிவிட்டு மறுநாள் பிரித்துப்போட்டால் அதுவும் குப்பைதான். அலங்காரக்காரர் பத்துக் கல்யாணத்துக்குப் பயன்படுத்தும் துணித் திரை, மர ஜாலி இவற்றில் எனக்கு வருத்தமில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, மணமக்கள் பெயரை வெட்டி வைக்கும் தெர்மாகோல். உங்கள் பெயர் வெட்டிய தெர்மாகோல் வேறு எந்தக் கல்யாணத்துக்கும் உதவாது; அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையும் செய்யப்பட்டிருக்கிறது. இன்னொன்று, பூச்செருகப் பயன்படும் பச்சை நிற ஸ்பாஞ்சு. தண்ணீரில் ஊறிச் சாதுவாக இருக்கும். அதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான், மட்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். பெயரைப் பூவில் எழுதச் சொல்லுங்கள், இல்லை வாசலில் அரிசிமாவுக் கோலத்தில் உங்கள் அத்தை எழுதட்டும். மாலை கட்டுபவரிடம் ஜிகினாவும் நைலான் நூலும் வேண்டாம், வாழைநாரில் கட்டிக்கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாலை வாடியதும் அப்படியே உரக்குழிக்குப் போகும். வாசலுக்குக் குலை தள்ளிய வாழை. வாழை ஒருமுறைதான் காய்க்கும், தார் வெட்டியதும் மரத்தையும் வெட்டத்தான் போகிறார்கள். அதனால் மரத்தை வீணாக்குகிறோமே என்று வருந்த வேண்டாம். தார் வீட்டில் பழுக்கட்டும், தண்டு மாட்டுக்கு.

தாலி கட்டும் நேரத்தில் பட்டென்று வெடித்து மினுமினுப்புத் தாள் கொட்டும் குழாய்களையும் நண்பர்கள் வைக்கும் ஃபிளெக்ஸையும் மாப்பிள்ளைதான் நிறுத்த முடியும். அவர் தன் நண்பர்களிடம் நேரில் சொல்லட்டும். அட்சதை இருக்கிறதே, மஞ்சள் அரிசி, மறுநாள் குருவியும் எறும்பும் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஏசி. வைகாசியில் பெரியவர்களை வேகவைத்து யாரும் புண்ணியம் தேட வேண்டாம். முகூர்த்த மண்டபத்தில் போடுங்கள், சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறி போதும். வெளியூர்க்காரர்களை இரயிலில் வரச் சொல்லி, ஸ்டேஷனிலிருந்து ஒரு வேன் வைத்துக் கூட்டிவாருங்கள்.

அம்மாவின் புடவையைத் தாராளமாகக் கட்டுங்கள். மாயவரத்துப் பக்கம் கூறைநாட்டில் நெய்ததாக இருந்தால் அதைவிட என்ன வேண்டும்? மாமியார் வீட்டுக் கூறையை முகூர்த்தத்துக்கும், அம்மா புடவையை வரவேற்புக்கும் கட்டினால் இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். மடிப்பு மடிப்பாக வைத்த பழைய பட்டு, மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். இப்போதே பிரித்து நிழலில் ஆறப்போட்டு, மடிப்பு விழுந்த இடங்களை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தாங்கினால் சுருக்கம் எடுக்கும் ரோலிங்குக்குக் கொடுக்கலாம்.

இந்த வாரம் ஒரு மாலை நேரத்தில் அப்பாவையும் சமையல் மாஸ்டரையும் அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்வாருங்கள். மேடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நேராகப் பின்கட்டுக்குப் போங்கள். டம்ளர் கழுவ எத்தனை குழாய் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, கூடைகளை வைக்க நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று குழாய்க்குக் குறைவாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். டிரம் வைத்துக் கழுவும் முறை ஒன்று இருக்கிறது, சொல்கிறேன்.